கைரேகைக்கும் ஒரு பூட்டு



களத்தில் நெல்லைக் குவித்தால் சாணிப்பால் குறி போட்டு வைப்போம். ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது நெல் விற்ற பணம் நேரே பேங்குக்குப் போகிறது. அங்கே என்ன குறி போட்டிருக்கிறோம்?

இந்தத் திருட்டுக்குப் பேர்போன இடங்கள் ஜார்க்கண்டின் ஜாம்தாராவும், டில்லிக்குத் தெற்கே உள்ள மேவாத் பகுதியும். அங்கே உட்கார்ந்துகொண்டே போனில் நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். இப்போது நல்ல தமிழிலேயே பேசுகிற ஆட்களும் வந்துவிட்டார்கள்.

பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வருகிறதல்லவா? அந்தப் பெயரைச் சொல்லி வாட்ஸப்பில் ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருக்கும். அதைத் தொட்டுப் போனில் ஏற்றிவிட்டால், உங்களுக்கு வரும் ஓ.டி.பி. அவனுக்கும் போய்விடும். எந்தத் திட்டமானாலும் வாட்ஸப்பில் வந்த ஃபைலை ஏற்றாதீர்கள். இ-சேவை மையத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள்.

மாடு விற்க போனில் படம் போட்டால், பார்க்காமலே விலை பேசி, "அட்வான்ஸ் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பான். பணம் வருவதற்கு ரகசிய எண் வேண்டியதே இல்லை. அதைப் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும். (மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் வாங்குகிறவனை எங்கேயாவது கண்டதுண்டா?)

போனே இல்லாதவரையும் விடுவதில்லை. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால், தபால்காரரோ பேங்கு முகவரோ வைத்திருக்கும் சின்னக் கருவியில் பணம் எடுக்கலாம். நமக்கு நல்ல வசதிதான். ஆனால் 2022-ல் ஐதராபாத்தை அடுத்த சைபராபாத்தில் போலீசார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். ஆந்திரப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களிலிருந்து கைரேகையைப் பிரதி எடுத்து, போலி ரேகை செய்து பணம் எடுத்திருக்கிறார்கள். நிலம் வாங்கும்போது வைத்த ரேகையே வினையானது.

இதற்கு ஒரு பூட்டு உண்டு. எம்-ஆதார் செயலியிலோ ஆதார் சேவை மையத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கையில் ரேஷன் கடையிலும் ரேகை ஏறாது. அன்றைக்குத் திறந்துகொண்டு, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால்? பலர் வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் வெளியே சொல்வதில்லை. அந்த இரண்டு நாள்தான் திருடனுக்கு வேண்டியது. போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். மடை உடைந்தால் மண்வெட்டியோடு ஓடுகிற மாதிரி, அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ, அங்கேயே முடக்கிவைக்க வழி இருக்கிறது. முழுசும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. சீக்கிரம் சொன்னவருக்கே வாய்ப்பு அதிகம்.

பேங்கின் பெயர், கணக்கு எண், போன தொகை, போன நேரம் எல்லாம் கேட்பார்கள். பாஸ்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் பேங்குக் கிளையிலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1930 என்பதை இன்றே சுவரில் காலண்டர் பக்கத்தில் பெரிசாக எழுதி ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் எண் ஞாபகம் வராது.