கல்நாரும் தொழிலாளர் நலமும்

தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் பல வீடுகளுக்குக் கூரையாக இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கல்நார் என்னும் கனிம இழையைச் சிமெண்டுடன் கலந்து இதனைச் செய்கிறார்கள். அறுக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து, மூச்சுடன் சென்று நுரையீரலில் தங்கிவிடுகின்றன. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸும் புற்றுநோயும் இதனால் உண்டாகின்றன. இவை தலைகாட்ட 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம்.

அதற்குள் தொழிலாளி வேலையை விட்டிருப்பார், ஆலையே மூடப்பட்டிருக்கலாம். பிறகு அத்தாட்சிக்கு எங்கே போவது? அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், 27-1-1995 அன்று உச்சநீதிமன்றம் இதற்கு வழி சொன்னது. தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை, அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும். அவ்வழக்கில் நோய் உறுதியானவர்க்கு 1 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆஸ்பெஸ்டோசிஸைத் தொழில் நோயாக நம் சட்டமும் ஏற்றுள்ளது.

ஆகவே, இவ்வேலை செய்தோர் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எக்ஸ்ரே படம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மருத்துவரிடம் தாம் முன்பு செய்த தொழிலையும் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்வோமாக!