முந்திக் கொடுப்பதும் பிந்திக் கொடுப்பதும்: கைக்குழந்தைக்கு எது பால், எது உணவு?

கழுதையை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பால் விற்க வருபவர்களைத் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் பார்க்கலாம். வாசலிலேயே கறந்து, ஒரு சங்கு அளவு ஊற்றிக் கொடுப்பார்கள். மாந்தம் வராது, சளி பிடிக்காது, காமாலை அண்டாது, குரல் கணீரென்று இருக்கும் என்பது நம்பிக்கை. பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்கு அந்தப் பாலைக் காய்ச்சாமல் பச்சையாகவே புகட்டிவிடுவார்கள்.

கழுதைப் பாலின் பெயருக்குப் பின்னால் ஓரளவு உண்மை இருக்கிறது. புரதம் குறைவாகவும் லாக்டோஸ் அதிகமாகவும் இருப்பதில் அது தாய்ப்பாலுக்கு நெருக்கமானது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று கழுதைப் பாலைக் கொடுத்தே சிசுக்களை வளர்த்துப் பார்த்தது. ஆனால் 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 4 கிராம் கொழுப்பு இருந்தால், கழுதைப் பாலில் பெரும்பாலும் ஒரு கிராம்கூட இருக்காது. அதைக் குடித்து வளரும் குழந்தைக்குப் போதிய சக்தி கிடைக்காது. ஒரு சங்குதானே என்பவர்களுக்கும் பதில் உண்டு. சத்துக் குறைவு ஒரு சங்கில் தெரியாது, கிருமி தெரியும். காய்ச்சாத எந்த விலங்குப் பாலிலும் சால்மோனெல்லா, ஈ.கோலை, புருசெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம். வளர்ந்தவருக்கு வயிற்றுப்போக்கோடு போகும் தொற்று, பச்சிளம் குழந்தைக்கு ரத்தம் வரை பரவிவிடக்கூடும்.

குழந்தை உணவில் நம் வீடுகள் இரண்டு இடங்களில் தவறுகின்றன. முதல் ஆறு மாதம், கொடுக்கக் கூடாததைக் கொடுக்க முந்துகிறார்கள். ஆறு மாதம் முடிந்ததும், கொடுத்தே ஆக வேண்டியதைக் கொடுக்கப் பயப்படுகிறார்கள். இரண்டுமே அன்பினால் நடப்பதால்தான் திருத்துவது கடினமாக இருக்கிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்திய மருத்துவர்கள் சொல்வதும் அதுவே. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், ஆறு மாதத்துக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் சுமார் 64 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் ஏறக்குறைய முழுமையாகிவிட்ட தமிழ்நாட்டில் அது 55 சதவீதம்தான். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். அறுவை முடிந்து தாய் படுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் “பால் இன்னும் ஊறலையே” என்ற கவலை தொடங்குகிறது. சர்க்கரைத் தண்ணீர் வருகிறது, பவுடர் பால் டப்பா வருகிறது.

உண்மையில் முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கேட்பது ஒரு தேக்கரண்டி அளவுதான். மஞ்சளாகச் சொட்டும் சீம்பால் அதற்குப் போதும். குடலின் உட்சுவரைக் காக்கும் எதிர்ப்பொருள்களும் வைட்டமின் ஏ சத்தும் அதில் செறிந்திருக்கின்றன. அதைப் பீய்ச்சி வெளியே விடுவது, குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பையே கொட்டுவதாகும்.

தென் மாவட்டங்களில் ‘சேனை வைப்பது’ ஒரு குடும்பச் சடங்கு. நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார், அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை முளைக்காமல் கழிந்துவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் உறிஞ்ச முடியாமை, தலை தொங்கிப்போதல், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழத்தல் என்று அது வளரும். 1976இல் அமெரிக்காவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இந்த நோய் அரிதானதுதான். ஆனால் வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை, தேன் எவ்வளவு சுத்தமானது என்பதும் இதில் உதவாது. ஆகவே ஒரு வயது வரை தேன் ஒரு துளியும் வேண்டாம். பெரியவர் ஆசீர்வதிக்கட்டும், மடியில் வைத்துக் கொஞ்சட்டும்.

உரைமருந்தில் சேரும் வசம்பும் இதே வரிசையில் வருகிறது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற அந்த வேரில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மை காரணமாக, அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

கோடையில் இன்னொரு கேள்வி எழும். நாக்கு வறண்டுவிடாதா, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் என்ன? தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். சித்திரை வெயிலிலும் அது போதும், வேண்டுமானால் அடிக்கடி பால் கொடுக்கலாம். தண்ணீர் குடித்த குழந்தை அந்த அளவு பாலைக் குறைத்துவிடும்.

பசும்பால் கன்றுக்காக அமைந்தது. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் ஒரு கிராம் புரதம் என்றால், பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல். முதிராத சிறுநீரகத்துக்கு அது சுமை. இரும்புச்சத்தும் மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் அது உண்டாக்கும். தண்ணீர் கலந்து கொடுத்தால் புரதம் குறையும், கூடவே சக்தியும் குறைந்துவிடும். ஆட்டுப் பாலில் ஃபோலேட் சத்து மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு ரத்தசோகை வருவது நூறாண்டுக்கு முன்பே மருத்துவ நூல்களில் பதிவாகிவிட்டது. தேங்காய்ப் பால், பாதாம் பால் ஆகியவற்றைக் குழந்தைக்கான பாலாகவே கருத முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், தாய்ப்பால் கிடைக்காத 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஃபார்முலா பாலோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என்று இடம் தருகிறது. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேர் ரத்தசோகையோடு இருக்கும் இந்தியாவில், பசும்பாலை முக்கியப் பாலாக்க ஒரு வயது வரை பொறுக்கச் சொல்வதே சரி.

டப்பாப் பாலின் வரலாற்றில் ஒரு பெயரை மறக்கக் கூடாது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். சர்க்கரை சேர்த்த கண்டென்ஸ்டு மில்க்கைக் குழந்தை உணவு என்று மலாயாவின் ஏழைத் தாய்மாரிடம் தள்ளிவிடுவதைக் கொலை என்றே சொன்னார். அவர் தொடங்கிய வாதம் 1981இல் உலக சுகாதார சபையின் விற்பனை நெறிமுறையாகவும், இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமாகவும் வடிவம் பெற்றது. 2003இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டப்படி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளையும் பால் புட்டிகளையும் இங்கே விளம்பரம் செய்யவோ இலவச மாதிரி கொடுக்கவோ முடியாது.

ஆனாலும் ஃபார்முலா பால் தேவைப்படும் தாய்மார் இருக்கிறார்கள். நோய், மருந்து, மரணம், தத்தெடுப்பு என்று காரணங்கள் பல. அவர்களைக் குற்றவாளியாக்குவது கொடுமை, சரியாகக் கலக்கச் சொல்லித் தருவதே உதவி. பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல, குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அதில் இருக்கக்கூடும். எனவே கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையும் முன்பே பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைக்க வேண்டும். டப்பாவோடு வரும் கரண்டியால், டப்பாவில் சொன்ன அளவே போட வேண்டும். செலவை மிச்சப்படுத்த நீர்க்கக் கலப்பது குழந்தையைப் பட்டினி போடுவதற்குச் சமம். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குடித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். புகட்டுவதற்குப் புட்டியைவிட நம் பாலாடையே மேல். நிப்பிளின் இடுக்கில் தங்கும் பால் பாலாடையில் தங்காது, கழுவிக் கொதிநீரில் போடுவதும் எளிது. இந்தியப் பச்சிளம் குழந்தைப் பிரிவுகள் பலவற்றிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குறைமாதக் குழந்தைக்கு வேறொரு தாயின் பாலும் கிடைக்கும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் வங்கிகள் இருக்கின்றன. கொடையாளரைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி உறையவைக்கிறார்கள். கடையில் வாங்கும் தாய்ப்பாலுக்கு இந்தக் காப்பு கிடையாது. 2024இல் சென்னை மாதவரத்தில் ஒரு கடையிலிருந்து தாய்ப்பால் புட்டிகளை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்தார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் கதை தலைகீழாகிறது. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து அப்போது தீர்ந்துபோகிறது. அந்தச் சமயத்தில்தான் பல வீடுகளில் பருப்புத் தண்ணீரும் கஞ்சித் தெளிவும் கொடுக்கிறார்கள். அவற்றில் வயிறு நிறையும், சத்து ஏறாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவுக்குக் குழைவாக மசித்த சோறு, பருப்பு, காய், மேலே கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ என்று தொடங்கலாம். முளைகட்டிய கேழ்வரகு மாவு இதற்கு அருமையான பொருள். முளைக்கும்போது உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதிக மாவு போட்டாலும் கூழ் இறுகாது.

முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாக வெந்து மசித்த ஈரல் ஆகியவற்றை ஆறு மாதத்திலேயே தொடங்கலாம். ஒரு வயதுக்குப் பிறகுதான் முட்டை என்பது பழைய பயம். வேர்க்கடலையைப் பற்றிய பயமும் அப்படித்தான். பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகள் இரு பிரிவாயினர். வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் 17 சதவீதம் பேருக்கு அந்த ஒவ்வாமை வந்தது, சிறு வயதிலேயே சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். கொடுக்க வேண்டியது நைசாக அரைத்த விழுது. முழுக் கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவை மூச்சுக்குழாயை அடைத்துவிடும், ஐந்து வயது வரை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

முதல் ஆண்டில் உப்பும் சர்க்கரையும் சேர்க்கத் தேவையில்லை. ஒரு வயதானபின் பசும்பாலைக் காய்ச்சிக் கொடுக்கலாம், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பால் வயிற்றை நிரப்பிவிட்டால் சோற்றுக்கும் முட்டைக்கும் இடமிருக்காது.