கம்பனி மூழ்கிய பின் பணிப்பாளர் எங்கே போகிறார்?

புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். ஒரே கதையைப் பல வாய்களில் கேட்கலாம். கடனுக்குச் சரக்குக் கொடுத்தோம், காசோலைகள் திரும்பி வந்தன, கேட்கப் போனால் கம்பனி மூடியாயிற்று என்கிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் அதே மனிதர் புறக்கோட்டையில் வேறு பெயர்ப் பலகையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார். கடன் பழைய கம்பனியின் பெயரில், கடை புதிய கம்பனியின் பெயரில்.

கம்பனியும் அதை நடத்துபவரும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு ஆட்கள். கம்பனியின் கடனுக்குப் பங்குதாரரின் வீட்டை எடுக்க முடியாது. துணிந்து முதலிடுவோருக்காக வழங்கப்பட்ட சலுகை இது. வியாபாரத்தில் நட்டம் வருவது குற்றமல்ல. கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதுதான் நமது மார்க்கமும். ஆனால் நட்டப்பட்டவரும் நட்டத்தைப் பிறர் தலையில் கட்டியவரும் ஒன்றல்ல. இவர்களைப் பிரித்தறியும் ஏற்பாடு நமது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

அதன் 219ஆம் பிரிவை வியாபாரிகள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். கடன்களை உரிய தவணையில் கட்டக் கம்பனியால் இயலாது என்று ஒரு பணிப்பாளர் கருதினால், உடனே பணிப்பாளர் சபையைக் கூட்ட வேண்டும். கம்பனியைக் கலைக்க நீதிமன்றம் போவதா, தொடர்ந்து நடத்துவதா என்று சபை ஆராய வேண்டும். கூட்டாமல் இருந்து, பின்னர் கம்பனி கலைக்கப்பட்டால், இடைப்பட்ட காலத்தில் கடன் கொடுத்தவர்களுக்கு ஏற்பட்ட நட்டத்தை அந்தப் பணிப்பாளர் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அடுத்த 220ஆம் பிரிவு இன்னும் முன்கூட்டியே மணி அடிக்கிறது. தேறிய சொத்து, கூறப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே இறங்கினாலே பங்குதாரர்களைக் கூட்டி நிலைமையைச் சொல்ல வேண்டும்.

இது பணத்தைப் பற்றியது. ஆளைப் பற்றியது தகுதியிழப்பு. மோசடி செய்தவர், கடமையை மீறியவர், சட்டத்தைத் திரும்பத் திரும்பப் புறக்கணித்தவர் எந்தக் கம்பனியிலும் பணிப்பாளராக இருக்கக் கூடாது, நிர்வாகத்திலும் தலையிடக் கூடாது என்று நீதிமன்றம் ஒரு காலத்துக்குத் தடை விதிக்கலாம்.

ஷாபிஈ பிக்ஹ் ஓதியவர்களுக்கு 'முஃப்லிஸ்' மீதான 'ஹஜ்ர்' நினைவுக்கு வரும். கடன் சொத்தை மிஞ்சியவரின் கையைக் காழி கட்டிப்போட்டு, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் முறை அது. அங்கே காக்கப்படுவது நேற்றைய கடன்காரர். தகுதியிழப்பு நாளைய கடன்காரரைக் காக்கிறது. இன்னும் ஏமாறாதவருக்கு வழக்குப் போட என்ன காரணம் இருக்கிறது? ஏற்கெனவே ஏமாந்தவருக்கோ காசு கிடைத்தால் போதும். எதிராளிக்குத் தடை வாங்கச் சட்டத்தரணிக்கு மேலும் செலவழிக்க எவர் முன்வருவார்? சட்டம் தூங்குவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கோல்டன் கீ விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். பொதுமக்களிடம் வைப்புப் பெற மத்திய வங்கியின் அனுமதி இல்லாத அந்தக் கடனட்டைக் கம்பனி 2008 டிசம்பரில் சரிந்தபோது, ஏறத்தாழ 9,000 வைப்பாளர்களின் சுமார் 2,600 கோடி ரூபா சிக்கியது. அதிர்ச்சியில் அதே செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கிக்கு முன்னாலும் வரிசை நீண்டது. மத்திய வங்கி தலையிட்டு நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. வைப்பாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கைது, பிணை, தவணை முறையில் திருப்பிக் கொடுத்தல் என்று ஆண்டுகள் ஓடின. நிதிக் கம்பனிகளுக்காக 2011இல் 42ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அவற்றின் பணிப்பாளர்கள் தகுதியும் பொருத்தமும் உடையவர்களா என்று மத்திய வங்கி பார்க்கிறது. சாதாரண வர்த்தகக் கம்பனிக்கு அப்படி வாசற்காவல் கிடையாது. பணிப்பாளராகச் சம்மதிப்பவர் தாம் தகுதியிழக்காதவர் என்று படிவம் 18இல் தாமே சான்று சொல்லிக் கையொப்பமிட்டால் சரி.

பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போகிறது. கம்பனி வங்குரோத்தானால், அதைக் கலைப்பவர் பணிப்பாளர்களின் நடத்தை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பியே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடும்வரை காத்திருப்பதில்லை. தகுதியற்றவர் என்று கண்டால் 2 முதல் 15 ஆண்டு வரை தடை. இந்தியாவில் மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குச் சமர்ப்பிக்காத கம்பனியின் பணிப்பாளர் ஐந்து ஆண்டுக்குத் தானாகவே தகுதியிழக்கிறார். 2017இல் அங்கே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் பட்டியலில் ஏறினார்கள். பெயரளவில் இருந்த அப்பாவிகளும் அதில் அகப்பட்டார்கள் என்பதால் அந்த முறையை நான் அப்படியே சிபாரிசு செய்யமாட்டேன். பிரித்தானிய அறிக்கை முறை நமக்குப் பொருந்தும்.

அப்பாவிகள் என்றதும் நம் குடும்பக் கம்பனிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. வாப்பா கேட்டார் என்று மகனும், கணவர் கேட்டார் என்று மனைவியும் படிவத்தில் கையொப்பம் வைக்கிறார்கள். கடைப் பக்கமே போகாத பெண்ணும் சட்டப்படி பணிப்பாளர்தான். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதை நீதிமன்றம் நல்ல பதிலாக எடுக்காது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த வாரமே கணக்கைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விலகுவதானால் எழுத்தில் விலகி, அந்த மாற்றம் படிவம் 20 மூலம் கம்பனிப் பதிவாளரிடம் பதிவாகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.