கல்வராயன் மலையின் காட்டேரி யார், தெரியுமா?

பேய்க்கதைப் பிரியர்களிடம் கருப்பு ஆர்க்கிட் என்று சொல்லிப் பாருங்கள். ரத்தக் காட்டேரி, பௌர்ணமி இரவில் ஓநாயாக மாறும் மனிதன் என்று கண்கள் விரியப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் ஒரு செய்தி தெரியுமா? உலகில் உண்மையிலேயே கருப்பான ஆர்க்கிட் கிடையாது! நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் கருப்புக் கவுனி அரிசிக்கும் நிறம் கொடுக்கிறதே அந்தோசயானின், அதுதான் இதழ்களில் அடர்த்தியாகச் சேர்ந்து நம் கண்ணை ஏமாற்றுகிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கருஞ்சிவப்போ கருநீலமோ எட்டிப் பார்க்கும்.

டிராகுலா என்றே ஒரு ஆர்க்கிட் பேரினம் இருக்கிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் கார்லைல் லூயர் 1978ல் வைத்த பெயர். அதில் ஈக்வடார் மலைகளில் பூக்கும் ஓர் இனத்துக்கு 'டிராகுலா வாம்பிரா' என்று பெயர். மூன்று முனைகளில் வால் நீண்டு, கருத்த நரம்போடிப் பார்க்கவே கிலி பிடிக்கும். ஆனால் அது யாருடைய கழுத்தையும் தேடவில்லை. டிராகுலா இனங்கள் பலவற்றின் நடு இதழ் அச்சு அசலாகக் காளான் போலவே இருக்கும், வாசமும் காளான் வாசம்தான்! காளானைத் தேடி வரும் சின்ன ஈக்கள் ஏமாந்து உட்கார, மகரந்தம் ஊர் மாறிப் போய்விடும்.

பிராம் ஸ்டோக்கர் 1897ல் வெளியிட்ட டிராகுலா நாவலில் ரத்தக் காட்டேரியை விரட்ட வருவது எது தெரியுமா? பூண்டுப் பூ! ஓநாய் மனிதக் கதைகளோடு சேர்த்துப் பேசப்படும் செடியும் ஆர்க்கிட் இல்லை. நம் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்து பயன்படுத்தும் வசநாபியின் ஐரோப்பிய உறவு அது, கொடிய விஷம். 'ஓநாய்க்கொல்லி' என்பதுதான் அங்கே அதன் பெயர்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். காட்டேரி என்ற சொல்லை நாம் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பயந்து ஓடியதோடு நிற்காமல், காட்டேரியம்மன் என்று படையல் போட்டுக் கும்பிட்ட மக்கள் நாம். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி கயானா போன தமிழர்கள் அவளையும் கூடவே கொண்டுபோனார்கள், இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது!

பேய் ஓட்டும் செடிகளும் நம்மிடம் உண்டு. பேய்மிரட்டி பார்த்திருக்கிறீர்களா? அதன் பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் நனைத்துப் பற்றவையுங்கள், பஞ்சுத் திரி போல எரியும்! பச்சை இலை விளக்காக நின்று எரிவதை இருட்டில் முதன்முதலாகப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. ஆகாச கருடன் கிழங்கு இன்னும் அதிசயம். திருஷ்டி கழிய வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டால், மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் துளிர் விட்டுக் கொடியாக இறங்கும். காற்றைக் குடித்து வாழ்கிறது என்பார்கள். கிழங்குக்குள் முன்பே சேர்த்துவைத்த நீரும் மாவுச்சத்தும்தான் அந்தத் துளிர்.

இப்போது மலை ஏறலாம். 2019 நவம்பர் 26ல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நிற்கிறது கல்வராயன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் கும்பிடும் சாமியே கரியராமர். கருப்பு இந்த மலைக்குப் பயமுறுத்தும் நிறமே இல்லை!

இதுபோன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மரக்கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிடைப் பார்த்துப் பலரும் 'புல்லுருவி' என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு மனசே ஆறாத பழி இது. வாண்டா என்று ஓர் அழகிய ஆர்க்கிட். மஞ்சள் கலந்த இதழில் பழுப்புக் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டிருக்கும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒட்டுண்ணிச் செடியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து! பெயரிலேயே பழி ஏறிவிட்டது.

உண்மையில் அது மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட எடுப்பதில்லை. உட்கார இடம் மட்டும் போதும். வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஒரு வெண் உறை, மழை பட்டதும் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கையில் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை! பக்கத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் 1963ல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. போனால் பூவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், வேரையும் பாருங்கள்.

ஆனால் குழந்தைப் பருவத்தில் ஆர்க்கிடுக்கும் ஒரு ரகசியம் உண்டு. ஒரே காயில் லட்சக்கணக்கில்கூட இருக்கும் அதன் விதைகள் தூசு போலப் பறப்பவை. தாய் கட்டிக் கொடுத்த சோறு அவற்றில் இல்லை. மண்ணிலோ பட்டையிலோ உள்ள பூஞ்சை உள்ளே நுழைந்தால்தான் முளைக்கும், அந்தப் பூஞ்சையைத் தின்றுதான் வளரும்! இதை 1899ல் கண்டுசொன்னவர் பிரெஞ்சுக்காரர் நோயெல் பெர்னார்.

அப்படியானால் உண்மையான காட்டேரி யார்? நிஜப் புல்லுருவி ஒன்று. பூக்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்று, பசையோடு ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை அங்கேயே மரத்துக்குள் உறிஞ்சுவேரை இறக்கும்.

கரும்பு விவசாயிகளுக்கு இன்னொரு காட்டேரியைத் தெரியும், அது ஒரு களை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் கரும்புச் சீமை இது. கரும்பையும் சோளத்தையும் பிடிக்கும் அந்தக் களையின் பெயர் சுடுமல்லி. தலையை வெளியே காட்டும் முன்பே மண்ணுக்கடியில் வேரைக் கவ்விக் குடிக்க ஆரம்பித்துவிடும். ஒரு செடியில் பல்லாயிரம் விதை, பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு தூங்கும். எழுப்புவது எது? பயிரின் வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருள். 1966ல் பருத்தி வேரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். எதிரியை எழுப்பும் பொருளைச் செடி ஏன் கசியவிட வேண்டும்? 2005ல் ஜப்பானில் விடை கிடைத்தது. மண்ணில் சத்து தேடித் தரும் நல்ல பூஞ்சைகளைச் செடி அப்படித்தான் கூப்பிடுகிறது. நண்பனுக்குக் கொடுத்த குரலை ஒட்டுக்கேட்டு எழுந்து வருகிறது சுடுமல்லி! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும் செய்தி இது.

இனி கல்வராயனின் பெரிய காட்டேரி. நெற்றியில் வைக்கிறோம், சாமிக்குச் சாத்துகிறோம், கல்யாண வீட்டு வாசலில் குழைத்துக் கொடுக்கிறோம். ஆமாம், சந்தனம்!

இந்த மலையின் பேர்பெற்ற மரம். சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அரசுக்கே உரியது என்று 2002ல் சட்டம் திருத்தப்படும்வரை காவல் இருந்த மரம். அதன் இலைகள் பச்சைதான், மாவுச்சத்தைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் மண்ணுக்கடியில் பக்கத்து மரங்களின் வேரைத் தேடிப்போய், உறிஞ்சும் குமிழ்களால் கவ்வி, நீரையும் தாது உப்புகளையும் இழுத்துக்கொள்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளிலும் மரங்களிலும் இப்படிக் குடிக்கிறது. சந்தனம் பிற வேர்களைக் கவ்விக் குடிப்பதை 1871ல் எழுதிவைத்தவர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் ஜான் ஸ்காட். டார்வினோடு கடிதம் எழுதிக்கொண்டு, அதற்கு முன்பு ஸ்காட்லாந்தில் அவர் ஆராய்ந்த செடி எது தெரியுமா? ஆர்க்கிட்!

நாற்றங்காலுக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். பாலித்தீன் பையில் சந்தனக் கன்று தனியாக இருக்காது. பக்கத்திலேயே ஒரு துவரைச் செடியோ, ஒரு கொத்துப் பொன்னாங்கண்ணியோ நட்டிருப்பார்கள். கீரைக்கு அல்ல. கன்று குடிப்பதற்கு.