கால் நகப் பூஞ்சைத் தொற்று

கால் நகப் பூஞ்சைத் தொற்று என்பது கால்விரல் நகத்தையும் அதன் அடித்தோலையும் பூஞ்சைகள் தாக்குவதால் உண்டாகும் நோயாகும். பேச்சு வழக்கில் இது நகச்சொத்தை என அழைக்கப்படுகின்றது. எனினும், சொத்தையாகத் தோன்றும் நகங்களில் ஏறத்தாழப் பாதியே பூஞ்சையால் பாதிக்கப்பட்டவை. எனவே சிகிச்சைக்கு முன் நோயை உறுதிசெய்தல் இன்றியமையாதது.

காரணங்கள்

பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்னும் பூஞ்சையே இந்நோயை உண்டாக்குகின்றது. இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, இலங்கையில் பணியாற்றிய காலத்தில், 1910 ஆம் ஆண்டு இதனை விவரித்தார். இப்பூஞ்சை நகத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உணவாகக் கொள்கின்றது. விரலிடுக்கில் ஏற்படும் பூஞ்சைத் தொற்றிலிருந்து இது நகத்துக்குப் பரவுவதுண்டு.

முதுமை, நீரிழிவு, கால்களில் குருதியோட்டக் குறைவு, நகத்தில் அடிபடுதல், நீடித்த ஈரம் ஆகியவை தொற்றுக்கு வழிவகுக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் இலுப்பூர் போன்ற ஊர்களில் நடவு, களையெடுப்பு வேலைகளின்போது கால்கள் நெடுநேரம் சேற்றில் இருக்கின்றன. நாள் முழுதும் மூடிய காலணி அணிவோருக்கு வியர்வையும் இதே நிலையை உண்டாக்குகின்றது.

அறிகுறிகள்

நகம் முதலில் நுனியிலோ ஓரத்திலோ வெண்மை அல்லது மஞ்சள் நிறமடைகின்றது. பின்னர் தடித்து, எளிதில் பொடிந்து, அடித்தோலிலிருந்து விலகுகின்றது. தொடக்கத்தில் வலி இருப்பதில்லை. வலியும் சீழும் கொண்ட நகச்சுத்தி வேறு நோயாகும்.

நோயறிதல்

சொரியாசிஸ், இறுக்கமான காலணியின் உராய்வு ஆகியவற்றாலும் நகம் இவ்வாறே மாறலாம். பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரின் நகம் கறுப்பது பெரும்பாலும் அடியில் குருதி கட்டுவதாலாகும். அடிபடாமலே தோன்றி அகலமாகும் கருங்கோடு புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரைக் காணவேண்டும்.

நகத்துணுக்குகளைப் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியால் பார்க்கும்போது பூஞ்சை இழைகள் தென்படும். வளர்ப்புச் சோதனையின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும்.

சிகிச்சை

பூஞ்சை நகத்தின் அடியில் இருப்பதால் மருதாணி, சாதாரணக் களிம்புகள் போன்றவை அங்கு போதிய அளவு சென்றடைவதில்லை. இலேசான தொற்றுக்கு அமரோல்பின் போன்ற நகப்பூச்சு மருந்துகள் பயன்படுகின்றன. தொற்று பரவியிருப்பின் டெர்பினாபின் மாத்திரை, வழமையாக நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரங்களுக்குத் தரப்படுகின்றது. இது கல்லீரலைப் பாதிக்கக்கூடும். மாற்று மருந்தான இட்ராகொனசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. ஆகவே இவற்றை மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் தோலிலுள்ள தொற்றை மறைத்துப் பரவச் செய்யும்.

கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் அளவே வளர்கின்றது. பெருவிரல் நகம் முழுமையாக மாற 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகலாம். மாத்திரை முடிந்த பின்னும் நகம் சில காலம் பழைய தோற்றத்திலேயே இருப்பது மருந்து பயனளிக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. அடியிலிருந்து தெளிவான நகம் வளர்வதே குணமடைவதன் அடையாளம்.

தடுப்பு

* வயல்வேலைக்கும் குளியலுக்கும் பின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல்.
* விரலிடுக்குத் தொற்றுக்கு உடனே சிகிச்சை பெறுதல்.
* நகவெட்டி, துண்டு, காலணி ஆகியவற்றைப் பிறருடன் பகிராமை.
* காலுறையை நாள்தோறும் மாற்றுதல். ஈரக் காலணியை உலர்த்தி அணிதல்.

நீரிழிவு நோயாளிகளுக்கு இது வெறும் அழகுக் குறைபாடு அன்று. காலில் உணர்ச்சி குன்றியோருக்குத் தடித்த நகம் அழுத்தி உண்டாகும் புண் வலியின்றியே ஆழமாகலாம். எனவே அவர்கள் நாள்தோறும் தம் பாதங்களைப் பார்வையிடுவதும், தடித்த நகத்தைத் தாமே அறுக்காமல் மருத்துவ உதவி பெறுவதும் அவசியமாகும்.