கடல் சாமந்தி: வாங்கும் முன் உடல்நலம் அறியும் முறை

கடல் சாமந்தி என்பது பூவைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு கடல்வாழ் விலங்கு. குழியுடலிகள் தொகுதியில் ஆந்தோசோவா வகுப்பைச் சேர்ந்தது. பவளமும் சொறி மீனும் இதன் உறவினங்கள். உப்புநீர் மீன் தொட்டி வளர்ப்போர் கோமாளி மீனுக்குத் துணையாக இதனை விரும்பி வாங்குகின்றனர். வாங்கிய சில வாரங்களிலேயே பல இறந்துவிடுகின்றன. கடையிலேயே நலிந்திருந்த உயிரை அடையாளம் காணத் தெரியாமல் வாங்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

ஆனால் இயல்பில் இது குறுகிய ஆயுள் கொண்ட விலங்கு அன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சர் ஜான் டேலியல் 1828இல் கடற்கரையில் எடுத்து வளர்த்த ஒரு கடல் சாமந்தி, அவர் மறைந்த பின்னும் பிறரின் பராமரிப்பில் இருந்து 1887இல்தான் இறந்தது. ‘பாட்டி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட அது, வளர்ப்பில் மட்டும் 59 ஆண்டுகள் வாழ்ந்தது.

உடலமைப்பு

கடல் சாமந்தியின் உடலில் நான்கு பகுதிகளைக் கவனிக்க வேண்டும். கீழே பாறையைப் பற்றிக்கொள்ளும் அடித்தட்டு, அதன் மேல் உருளை வடிவ உடல், உச்சியில் வாய்த்தட்டு, அதைச் சுற்றிலும் உணர் நீட்சிகள். நீட்சிகளில் உள்ள கொட்டும் செல்கள் இரையைப் பிடிக்கவும் தற்காப்புக்கும் உதவுகின்றன. உணவு உட்செல்வதும் கழிவு வெளியேறுவதும் ஒரே வாய் வழியாகவே நடைபெறும்.

கோமாளி மீன்கள் குடியிருக்கும் இனங்களின் திசுக்களில் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவின் பெரும்பங்கைச் சாமந்திக்கு அளிக்கின்றன. ஆகவே நிறம் என்பது இவ்விலங்குக்கு அழகு மட்டுமன்று. உணவு கிடைக்கிறதா என்பதைக் காட்டும் அடையாளமும் ஆகும்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. வாய்: நலமான சாமந்தியின் வாய் இறுக மூடியிருக்கும். இரை உண்ணும்போதும் கழிவை வெளியேற்றும்போதும் சிறிது நேரம் திறப்பது இயல்பு. வாய் தொடர்ந்து பிளந்திருந்தாலோ, உட்புறத் திசு வெளியே பிதுங்கித் தொங்கினாலோ அதனை வாங்கக் கூடாது.

2. நிறம்: பழுப்பு, பச்சை, இளம்பழுப்பு போன்ற நிறங்கள் நுண்பாசி இருப்பதைக் காட்டும். உடல் முழுவதும் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருந்தால் அது வெளுத்த சாமந்தி. நுண்பாசியை இழந்து பட்டினியில் இருக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இருப்பதால் பலர் இதனையே தேர்ந்தெடுக்கின்றனர். பளிச்சென்ற மஞ்சள், நீலம் போன்ற நிறம் ஒரே சீராகப் பரவியிருந்தால் சாயம் ஏற்றப்பட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

3. அடித்தட்டு: இதுவே மிக முக்கியமானது. பற்றியிருக்கும் இடத்திலிருந்து சுரண்டி எடுக்கும்போது இது எளிதில் கிழியும். கிழிந்த இடம் அழுகத் தொடங்கினால் பிழைப்பது அரிது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் வெளியிலிருந்தே அடித்தட்டைப் பார்த்துவிடலாம். எதையும் பற்றாமல் நீரோட்டத்தில் உருளும் சாமந்தியைத் தவிர்க்க வேண்டும்.

4. ஒட்டும் தன்மை: இறால் துண்டு ஒன்றை இடுக்கியால் நீட்சியின் மீது வைக்கச் சொல்லலாம். நலமான சாமந்தி அதைப் பற்றி வாய்க்குக் கொண்டுசெல்லும். துண்டு நழுவி விழுந்தால் கொட்டும் செல்கள் சரிவர இயங்கவில்லை எனக் கொள்ளலாம். வெறும் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. கம்பளச் சாமந்தி போன்றவை கொட்டினால் தோல் தடிக்கும்.

5. சுருங்கி விரிதல்: நீரை வெளியேற்றிச் சுருங்குவதும் மீண்டும் விரிவதும் அன்றாட நிகழ்வே. எனவே சுருங்கியிருப்பதைக் கண்டவுடன் நோய் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மீண்டும் பார்க்க வேண்டும். நாள் கடந்தும் தளர்ந்து கிடந்து, திசு கரைந்து, துர்நாற்றம் வீசினால் அது இறந்துகொண்டிருக்கிறது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

எந்நாளில் வந்தது, என்ன உண்கிறது, எங்கிருந்து வந்தது என்னும் மூன்று கேள்விகள் போதும். வந்து ஓரிரு நாள்களே ஆகியிருந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்வது நல்லது. பயண அதிர்ச்சியால் இறப்பவை பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள் தெரிந்துவிடும்.

மன்னார் வளைகுடாவும் சட்டமும்

செட்டிநாட்டுக்கு அருகிலுள்ள கடல் பாக்கு நீரிணை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டியை அடையலாம். அதற்குத் தெற்கே மன்னார் வளைகுடா. இப்பகுதியில் செபே கோமாளி மீனும், அது குடியிருக்கும் ஹடோனி கம்பளச் சாமந்தியும் காணப்படுகின்றன. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இம்மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறை உருவாக்கப்பட்டுள்ளது. ஆனால் விற்பனைக்கு வரும் கம்பளச் சாமந்திகள் பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. நலிந்த ஒன்றை வாங்கி அது இறந்ததும் இன்னொன்றை வாங்கினால், கடலிலிருந்து இரண்டு உயிர்கள் குறைகின்றன.

1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளை உள்ளடக்கியது. அங்கிருந்து அனுமதியின்றி எந்த உயிரையும் எடுப்பது குற்றம். பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஆகவே பவளத் துண்டில் ஒட்டிய சாமந்தியை வாங்கக் கூடாது. கிளிஞ்சலிலோ செயற்கைக் கல்லிலோ ஒட்டியிருப்பதை அதனுடனேயே வாங்கினால் அடித்தட்டும் கிழியாது. சட்டச் சிக்கலும் வராது.

வீட்டுத் தொட்டியின் தகுதி

உயிரைச் சோதிக்கும் முன் தொட்டியைச் சோதிக்க வேண்டும். தொட்டி அமைத்துக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். நீரின் ஒப்படர்த்தி 1.024 முதல் 1.026 வரையும், வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையும் இருப்பது நலம். அம்மோனியா சிறிதும் இருக்கக் கூடாது. நல்ல ஒளி வேண்டும். சாமந்தி இடம்பெயரும் இயல்புடையதால், நீரேற்றியின் உறிஞ்சும் வாயை வலையால் மூட வேண்டும்.

காரைக்குடி போன்ற ஊர்களில் கோடை வெப்பமே பெரிய தடை. குளிரூட்டும் கருவியும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இல்லாத வீட்டில், ஏப்ரல், மே மாதங்களில் நீர் 30 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் பவளங்கள் வெளுத்ததும் கடல்நீர் வெப்பம் மிகுந்ததால்தான். அதே விளைவு தொட்டியிலும் நேரும்.

சென்னைக் கொளத்தூரில் வாங்கி வருவோர் சுமார் 400 கி.மீ. தொலைவைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆக்சிஜன் நிரப்பிய பையில், வெப்பம் புகாத பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். வீடு வந்ததும் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கிய பின்னரே உள்ளே விடலாம்.

வாங்காமலும் இருக்கலாம்

கடலில் கோமாளி மீனுக்குச் சாமந்தி அடைக்கலம். எதிரிகள் இல்லாத தொட்டியில் அது இன்றியே மீன் நலமாக வாழ்ந்து முட்டையும் இடும். சாமந்தியையே வளர்க்க விரும்புவோர், தொட்டியில் தானே இரண்டாகப் பிரிந்து பெருகும் குமிழ்முனைச் சாமந்தியைத் தேடி வாங்கலாம். தொட்டியிலேயே பிறந்த அதற்கு இவ்வாழ்க்கை புதிதன்று, கடலுக்கும் இழப்பில்லை.