இரவுக்கு ஒரு புள்ளி, டாலருக்கு மூன்று

1970இல் மியாமியிலிருந்து புறப்பட்ட 'சாங் ஆஃப் நார்வே'தான் ராயல் கரீபியன் நிறுவனத்தின் முதல் கப்பல். ஏறியவர்கள் எழுநூறு சொச்சம் பேர். நீச்சல் குளம், மதுக்கூடம், ராத்திரிப் பாட்டுக் கச்சேரி இவற்றை விட்டால் பெரிய கேளிக்கை எதுவும் கிடையாது. அதனால் கப்பல்காரர்கள் விற்றது சாப்பாட்டையும் உபசாரத்தையும்தான். அந்தக் காலத்திலிருந்து கப்பலேறி வருபவர்கள் இன்று முணுமுணுப்பதற்குக் காரணம், இவை இரண்டிலும் கை வைத்துவிட்டார்கள் என்பதே.

நள்ளிரவு பஃபேயை எடுத்துக்கொள்ளலாம். பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம், தர்பூசணியில் வெட்டிய பூக்கள், மலைபோல் அடுக்கிய இறால். முதலில் படம் எடுத்துக்கொள்ள நேரம் விட்டு, அப்புறம்தான் தட்டைக் கையில் கொடுப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டை வயிறுமுட்டத் தின்ற கூட்டம் பன்னிரண்டு மணிக்கு எதை விழுங்கும்? பாதி குப்பைக்குத்தான் போயிருக்கும். அது பெரும்பாலான கப்பல்களில் மறைந்ததற்கு நான் அழமாட்டேன்.

மற்றவை அப்படியில்லை. முன்பு இலவசமாக அறைக்கு வந்த சாப்பாட்டுக்கு நார்வீஜியன் நிறுவனம் 2015இலும் ராயல் கரீபியன் 2017இலும் 7.95 டாலர் வைத்தன; எளிய காலை உணவு மட்டும் தப்பியது. இரவு உணவில் எத்தனை முக்கிய உணவு கேட்டாலும் முகம் சுளிக்காமல் வந்த மேசையில், கார்னிவல் நிறுவனம் இப்போது இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. மூன்றாவதற்கு 5 டாலர். நம் மெஸ்ஸில் 'அன்லிமிடெட்' பலகை இறங்கி, பொரியல் ஒருமுறைதான் என்றானபோது வந்த அதே சுருக்கென்ற உணர்வு. தொகை பெரிதில்லை, கேட்கக் கூச வைக்கிறார்களே என்பதுதான் வலி.

ஆனால் பழைய பயணிகளை அதிகம் சீண்டியது அறை விஷயம். முன்பு காலையில் ஒருமுறை படுக்கை சரிசெய்வார்கள். மாலையில் மறுபடி வந்து விரிப்பை மடித்துவிட்டு, தலையணையில் சாக்லேட் வைத்து, துண்டையே யானையாகவோ குரங்காகவோ முறுக்கி நிறுத்திவிட்டுப் போவார்கள். நார்வீஜியனும் ராயல் கரீபியனும் 2023 தொடக்கத்தில் இதை நாளுக்கு ஒரு தடவை என்றாக்கின. பெரிய சூட் அறைகளுக்கு மட்டும் இரண்டு தடவை தொடர்கிறது.

கைகளைக் குறைத்த அதே நிறுவனங்கள் இரும்பில் தாராளமாகக் கொட்டுகின்றன. 1990இல் ராயல் கரீபியன் இறக்கிய 'நார்டிக் எம்ப்ரஸ்' ஏறத்தாழ 1,600 பேருக்கானது. (பல பெயர் மாறி, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' ஆக 2022இல் சென்னையிலிருந்து புறப்பட்டதே, அதே கப்பல்தான்.) 2024 ஜனவரியில் வந்த 'ஐகான் ஆஃப் த சீஸ்' அதிகபட்சம் 7,600 பயணிகளை ஏற்றும், தண்ணீர்ச் சறுக்கும் அருவியும் பனிச்சறுக்குத் தளமும் உள்ளேயே இருக்கின்றன. சறுக்கு மரம் டிப்ஸ் கேட்காது, அதற்கு ஷிப்டும் கிடையாது. விளம்பரத்தில் அதைக் காட்டவும் முடியும். மாலையில் மடித்த படுக்கை விரிப்பைக் காட்டி இன்று யாரிடம் டிக்கெட் விற்க முடியும்?

உபசாரம் குறைந்ததற்குக் கடன் ஒரு காரணம். 2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் நின்றன. அடுத்த மாதமே கார்னிவல் குழுமம் கப்பல்களை ஈடுவைத்து 11.5 சதவீத வட்டிக்கு 400 கோடி டாலர் திரட்டியது. 2023 தொடக்கத்தில் அதன் மொத்தக் கடன் 3,500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இன்னொரு காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை: கப்பல்கள் நிரம்பி வழிகின்றன. அறைக்கு இருவர் என்று கணக்கிடுவதால், பிள்ளைகளும் சேரும்போது நிறைவு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. காலி அறை இருந்தபோதுதான் பழைய வாடிக்கையாளரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படித் தாங்கிப் பிடிக்க வந்தவைதான் புள்ளித் திட்டங்கள். கார்னிவலில் ஒரு நாளுக்கு ஒரு புள்ளி: 75 சேர்ந்தால் பிளாட்டினம், 200 சேர்ந்தால் டைமண்ட். ஜன்னலே இல்லாத மலிவு அறையில் படுத்தவருக்கும் பால்கனி அறைக்காரருக்கும் ஒரே கணக்கு. முன்னுரிமை வரிசை, இலவசச் சலவை என்று சின்னச் சின்ன மரியாதைகள். தகுதி வந்தால் ஆயுசுக்கும் போகாது என்று நம்பித்தான் ஓய்வூதியக்காரர்கள் பலர் வருடா வருடம் இரவுகளைச் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் பெருகி, சில பயணங்களில் முன்னுரிமை வரிசை சாதாரண வரிசையைவிட நீண்டுவிட்டது என்பதும் உண்மை.

2025 ஜூனில் கார்னிவல் இந்த முறையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. புதிய திட்டத்தில் செலவழிக்கும் டாலருக்கு மூன்று நட்சத்திரம். டைமண்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் ஒரு லட்சம் நட்சத்திரம். அதாவது ஏறக்குறைய 33,000 டாலர். மலிவு அறையில் இருநூறு நாள் கடலில் கழித்தவரால் இதை எட்ட முடியாது. சூதாட்டக் கூடத்திலும் மதுக்கூடத்திலும் தாராளமாக இறைப்பவர் நாலைந்து பயணத்திலேயே எட்டிவிடக்கூடும். விமான நிறுவனங்கள் காட்டிய வழிதான். பறந்த தூரத்தை எண்ணிக்கொண்டிருந்த டெல்டா, 2015இலேயே மைல்களை டிக்கெட் விலைப்படி தரத் தொடங்கிவிட்டது.

வரிசை நீண்டுவிட்டது, குறைக்க வேண்டும் என்ற நிறுவனத்தின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் புதிதாக ஏறுபவருக்குப் புது விதி போடுவது வேறு, இருபது வருடம் ஆடியவரிடம் பாதியில் ஆட்டத்தை மாற்றுவது வேறு. பின்னதை வியாபார நுணுக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கோபம் போய் விழும் இடம்தான் தவறு. ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2018இல் 14.50 டாலராக இருந்த டிப்ஸ், 2024 நவம்பரில் 18.50 ஆனது. இடையில்தான் அறைக்கு வரும் தடவை பாதியானது. அதனால் சிலர் சேவை மையத்துக்குப் போய் டிப்ஸைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். மாலை வருகையை நிறுத்த முடிவெடுத்தவர் மியாமி அலுவலகத்தில் இருக்கிறார், அவர் சம்பளத்தில் ஒரு காசும் குறையாது. குறைவது பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ கோவாவிலிருந்தோ மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வந்து, படுக்கை விரித்து வீட்டுக்குப் பணம் அனுப்புபவரின் வருமானம். யானையும் குரங்கும் முறுக்கித் தந்ததும் அவர்தான்.